மா. கிருஷ்ணன்: புழைக்கடையிற் கானகம் கண்டவர்

தோற்றுவாய்

பெரியோர் வரலாறு எழுதப் புகுவோர் நாடாண்டாரையும், போர் வென்றாரையும், பெருநூல் யாத்தாரையும் நாடிச் செல்லுதல் இயல்பு. தம் வீட்டுப் புறத்தே அமர்ந்து காக்கையையும் அணிலையும் ஓணானையும் ஆண்டுக்கணக்கில் உற்று நோக்கி, கண்டதைக் கண்டவாறே எழுதிவைத்த ஒருவரை அவ்வரிசையில் வைத்தெண்ணுதல் தகுமோ எனச் சிலர் ஐயுறக்கூடும். தகும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. அத்தகையார் ஒருவர் நம் தமிழகத்தில் வாழ்ந்தார். அவர்தாம் மா. கிருஷ்ணன் என்னும் இயற்கையறிஞர்.

இவர் வரலாற்றை எழுத யான் விழைந்ததற்கு ஒரு காரணமுண்டு. யான் பிறந்து வளர்ந்தது எரியோடு. திண்டுக்கல்லினின்று கரூர் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள சிறிய ஊர் அது. ஆங்கு யானை உலவும் சோலையில்லை, வீழும் அருவியில்லை. மானாவாரிப் புஞ்சையும், முருங்கைத் தோட்டமும், வேலமரமும், பனைமரமும், வெள்ளாட்டு மந்தையுமே கண்ணுக்குப் புலப்படும். இயற்கையழகு என்றால் கோடைக்கானலுக்கு வண்டியேறிச் சென்று காண்பதொன்று என்பதே எம்மூரார் பலரின் எண்ணம். அவ்வெண்ணம் பிழையென்பதைக் கிருஷ்ணனார் வாழ்க்கை தெள்ளிதின் உணர்த்துகின்றது. வறண்ட சமவெளியிற் பிறந்த மாணவர்க்கு இவரினுஞ் சிறந்த ஆசான் கிடைத்தல் அரிது.

குடியும் இளமையும்

கிருஷ்ணன் 1912-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 30-ஆம் நாள் திருநெல்வேலியிற் பிறந்தார். இவர் தந்தையார், தமிழ் நாவல் உலகின் முன்னோடிகளுள் ஒருவரான அ. மாதவையர். பெருங்குளத்தில் 1872-ல் தோன்றிய மாதவையர், வில்லியம் மில்லர் தலைமை தாங்கிய காலத்துச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றவர். உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே பத்மாவதி சரித்திரம் முதலிய நூல்களை இயற்றியவர். ஓய்வு பெற்றபின் பஞ்சாமிர்தம் என்னும் திங்களிதழை நடத்தியவர். மிஷன் கல்லூரி ஒன்றின் பழைய மாணவர் மைந்தர் என்ற வகையிலும் கிருஷ்ணனார் நமக்கு உறவினரே.

எண்மர் மக்களுள் கடைக்குட்டி கிருஷ்ணன். குடும்பம் சென்னை மயிலாப்பூரில், எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், தம் முன்னோர் ஊரின் பெயரையே தாங்கிய பெருங்குளம் இல்லத்தில் வாழ்ந்தது. இன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை என வழங்கும் அவ்விடத்தின் ஆரவாரத்தைக் கண்டோர்க்கு, அந்நாளில் அதன் சுற்றுப்புறம் புதர் மண்டிக் கிடந்ததென்றால் வியப்பே தோன்றும். நரி ஊளையிட்டது, வெளிமான் மேய்ந்தது, பறவைகள் எண்ணில. சிறுவர் கிருஷ்ணன் கீரியொன்றை வளர்த்து மகிழ்ந்தார். பள்ளியில் ஆசிரியர் கற்பித்ததினும் அக்கீரியும் அப்புதர்க்காடும் அவருக்குக் கற்பித்தது மிகுதி எனலாம்.

1925-ஆம் ஆண்டு அவ்வில்லத்தின்மீது பேரிடி வீழ்ந்தது. சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிமன்றத்தில், பட்ட வகுப்பிற் தமிழுக்கு உரிய இடம் வேண்டுமென்று வாதாடிப் பேசிய மாதவையர், பேசி முடித்த அப்போதே அவ்விடத்திலேயே ஆவி துறந்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று. தாய்மொழிக்காகப் பேசியவாறே தந்தை மடிந்தமை அப்பிள்ளையுள்ளத்தில் எவ்வாறு பதிந்திருக்குமென நாம் ஊகித்துக்கொள்ள வேண்டுவதே. தந்தையாரின் எழுத்தாற்றல் மக்கட்கும் இறங்கியது. மூத்தவருள் ஒருவரான மா. அனந்தநாராயணன் பிற்காலத்திற் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவும், ஆங்கில நாவலாசிரியராகவும் விளங்கினார். இளையவரோ எழுதுகோலோடு தூரிகையையும் கைக்கொண்டார்.

கல்வி

இந்து உயர்நிலைப்பள்ளியிற் கற்றபின் 1927-ல் சென்னை மாநிலக் கல்லூரியிற் சேர்ந்து, 1931-ல் பட்டம் பெற்றார் கிருஷ்ணன். ஆங்கு அவருக்கு வாய்த்த நற்பேறு, பைசன் என்னும் தாவரநூற் பேராசிரியரின் நட்பு. நீலகிரி, பழனி ஆகிய மலைகளின் உச்சியில் வளரும் செடிகொடிகளை ஆராய்ந்து நூல் எழுதியவர் அப்பெரியார். அவர் மாணாக்கரை அழைத்துக்கொண்டு நீலகிரிக்கும் கோடைக்கானல் மலைகளுக்கும் சென்றபோது கிருஷ்ணனும் உடன் சென்றார். பேராசிரியரின் துணைவியார் நீர்வண்ண ஓவியம் தீட்டும் முறையை அவருக்குக் கற்பித்தார். ஆகவே, நம் திண்டுக்கற் சீமையின் மேற்கெல்லையில் நிற்கும் பழனி மலைத்தொடர், இவ்வறிஞரின் கண் திறந்த இடங்களுள் ஒன்று என நாம் பெருமை கொள்ளலாம்.

எனினும், தேர்வு எழுதிப் பெறும் மதிப்பெண்ணில் அவர் சிறந்தாரல்லர். சட்டமும் பயின்றார், அத்தொழிலில் மனம் பற்றவில்லை. நல்ல உத்தியோகம் எளிதிற் கிட்டாமல், சிறுசிறு பத்திரிகைகளுக்குப் படம் வரைந்தும் கட்டுரை எழுதியும் சில்லாண்டு கழித்தார். இல்லறம் ஏற்ற இளைஞர் ஒருவருக்கு இது துன்பந் தரும் நிலையே. தேர்வுப் பட்டியலில் தம் பெயர் கீழே கிடக்கக் கண்டு மனம் உடையும் மாணவ நண்பர்கள், நாட்டின் மிகச் சிறந்த இயற்கையறிஞர் ஒருவரும் அந்நிலையிற் கிடந்தெழுந்தவரே என்பதை நினைவிற் கொள்க. ஆயினும் இதனைக் காட்டிப் பாடத்தைக் கைவிடுவார்க்கு ஒன்று கூறுவேன்: அவர் மதிப்பெண்ணைத்தான் இழந்தார், கற்றலை ஒருநாளும் இழந்தாரல்லர்.

சந்தூர் வாழ்க்கை

1942-ஆம் ஆண்டு, பெல்லாரிக்கு அணித்தாயுள்ள சந்தூர் என்னும் சிறு சமஸ்தானத்தின் அரசர் இவருக்கு வேலை அளித்தார். ஆங்கு இவர் வகித்த பதவிகளை அடுக்கின் நகைப்பு வரும். பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, அரசரின் அரசியற் செயலாளர் என ஒருவரே பல வேடம் பூண்டார். அவ்வேலைகளுக்கு இடையே ஓய்வு கிட்டியபோதெல்லாம் குன்றுகளிலும் புதர்க்காடுகளிலும் தனியே சுற்றித் திரிந்தார். ஆடு வளர்த்தார், அவற்றை மேய்த்துக்கொண்டு வெளியிற் சென்றார். புறாக்களைப் பழக்கி அவற்றின்வழிக் கடிதம் அனுப்பும் ஏற்பாட்டிலும் முனைந்தார்.

படித்த மனிதர் ஆடு மேய்ப்பதா எனச் சந்தூரார் எண்ணினரோ இல்லையோ, எரியோட்டார் நிச்சயம் எண்ணுவர். எம்மூரில் ஆடு மேய்த்தல் என்பது படிப்பு வாராத பிள்ளையை அச்சுறுத்தப் பெற்றோர் எடுத்தாளும் சொல். ஆனால், ஆட்டின்பின் ஒருநாள் முழுதும் நடந்தவனே எச்செடியை அது விரும்பும், எச்செடியை முகர்ந்து விலகும், எந்நேரத்தில் நிழல் தேடும், எவ்வொலிக்குச் செவி நிமிர்த்தும் என்பவற்றை அறிவான். அவ்வறிவைக் கிருஷ்ணனார் இழிவாகக் கருதவில்லை. வளர்ப்புயிர்களைச் செல்லப்பொருளாகக் கொஞ்சி மகிழ்தலோடு அமையாது, அவற்றின் இயல்பை அவற்றின் நோக்கிலே அறிய முயன்றார். கீரியிடத்தும் புறாவிடத்தும் ஆட்டினிடத்தும் பயின்ற அப்பொறுமையே பின்னாளிற் காட்டானையை ஆராயும்போது அவருக்குக் கைகொடுத்தது.

குறிப்பேடு

1949-ல் சந்தூர் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. கிருஷ்ணன் பெருங்குளம் இல்லத்துக்கே மீண்டார். வேறு உத்தியோகம் நாடாது, எழுத்தையும் ஓவியத்தையும் நிழற்படத்தையுமே தொழிலாகக் கொண்டு வாழத் துணிந்தார். அந்நாளில் மட்டுமன்றி எந்நாளிலும் துணிவு வேண்டும் செயல் அது. 1950-ஆம் ஆண்டு கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில், கண்ட்ரி நோட்புக் என்னும் தலைப்பின்கீழ் இருவாரத்துக்கு ஒருமுறை இயற்கைக் கட்டுரை எழுதத் தொடங்கினார்.

அன்பர்காள், ஈண்டுச் சற்றே நின்று எண்ணிப் பாருங்கள். தொடங்கிய அப்பணியை அவர் நாற்பத்தாறு ஆண்டு இடையறாது நடத்தினார். இருவாரத்துக்கு ஒன்றாகக் கணக்கிடின் ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளாம். இத்தனைக்கும் பொருள் எங்கிருந்து கிடைத்தது? தொலைதூரக் கானகங்களிலிருந்து ஒரு பகுதி. மற்றைப் பகுதி வீட்டுச் சுவரிலிருந்தும், வேலியிலிருந்தும், தெருமரத்திலிருந்தும். பல்லி, அணில், காக்கை, குயில், ஆந்தை, மைனா ஆகிய இவைதாம் அவர் கதைமாந்தர். அவர் நூலொன்றின் பெயரே கானகமும் புழைக்கடையும் என்று பொருள்படுவது. இரண்டையும் அவர் வெவ்வேறாகக் கருதவில்லை என்பதற்கு அப்பெயரே சான்று.

அவர் உரைநடையில் மிகைப்பட்ட சொல்லில்லை. அறியாததை அறிந்ததாகக் காட்டும் பொய்ம்மையில்லை. அங்கதம் உண்டு, கோபமும் உண்டு. விலங்கை மனிதன்போற் பேசவைத்துக் கண்ணீர் வருவிக்கும் முறை அவருடையதன்று. பறவை என் செய்தது, எந்நேரத்திற் செய்தது, முன்னர்க் கண்டதனோடு இஃது ஒக்குமா என்று நுணுகி நுணுகி எழுதுவார். பக்கத்தில் தாமே வரைந்த கோட்டோவியம் அமைந்திருக்கும்.

கானக ஆராய்ச்சி

கிருஷ்ணனார் நிழற்படக் கலையிலும் வல்லவர். பல கருவிகளின் உறுப்புகளை ஒன்றாகப் பொருத்தித் தாமே ஒரு படக்கருவி அமைத்து, சூப்பர் பாண்டரோசா என அதற்கு வேடிக்கையாகப் பெயரிட்டார். வண்ணப்படம் பரவிய காலத்தும் கருப்பு வெள்ளைப் படத்தையே விரும்பினார். முதுமலை முதலிய காடுகளில், பழக்கிய யானையின் மீதமர்ந்து காட்டானை மந்தைகளை அணுகி அவர் எடுத்த படங்கள் புகழ் பெற்றவை. விலங்கின் அழகைக் காட்டுதலோடு அதன் வாழ்க்கை முறைக்குச் சான்றாகவும் அவை நின்றன.

1968-ல் ஜவாஹர்லால் நேரு பெயரால் அமைந்த ஆய்வுதவி இவருக்குக் கிடைத்தது. அதனைக் கொண்டு தென்னாட்டின் பெருவிலங்குகளைப்பற்றிய தம் ஆராய்ச்சியை நிறைவு செய்தார். 1959 முதல் 1970 வரையிலான நிலைமையைக் கூறும் அவ்வாராய்ச்சியைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975-ல் நூலாக வெளியிட்டது. 1970-ல் இந்திய அரசாங்கம் பத்மஸ்ரீ விருதளித்தது. 1973-ல் தொடங்கிய புலி காக்கும் திட்டத்தின் வழிகாட்டுங் குழுவிலும் இவர் இடம் பெற்றார். விலங்கியலிற் பட்டம் பெறாத ஒருவர் இந்நிலை எய்தியது கண்ணின் கூர்மையாலும் காலின் உழைப்பாலுமே.

அவர் கொண்ட கொள்கை

இவர் கொள்கையின் அடிப்படை ஒன்று. ஒரு நாட்டின் தனித்தன்மை எதில் உள்ளது? உடை, உணவு, கலை, மொழி முதலியவை காலந்தோறும் மாறுவன. மலையும் ஆறும் மண்ணும், அம்மண்ணிற்கே உரிய மரஞ்செடிகளும் விலங்கு பறவைகளுமே நாட்டை நாடாக்குவன. அவை அழியின், பெயர் மட்டுமே எஞ்சும் என்பது அவர் கருத்து. ஆகையால், அயல்நாட்டு அழகு மரங்களைக் கொணர்ந்து நடுவதையும், காட்டைத் திருத்துகின்றோம் என்று அதன் இயல்பைக் குலைப்பதையும் கடுமையாக எதிர்த்தார். காட்டுக்கு நாம் செய்யத்தக்க பேருதவி, அதனை அதன் போக்கில் விட்டு விலகி நிற்பதே என்றார்.

கடுஞ்சொல்லர், எளிதில் இணங்காதவர் என்று அவரைக் குறை கூறினார் உண்டு. அது முற்றும் பொய்யன்று. பிறர் மெச்சுவதற்காகத் தம் கருத்தை மழுங்கச் செய்யும் வழக்கம் அவர்பால் இல்லை. நிற்க, அவர் அஞ்சியதன் உண்மையை அறிய எம்மூர்ப்புறத்தில் அரைநாழிகை நடந்தாற் போதும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக் கருவேலம் கண்மாயிலும் தரிசிலும் மண்டிக் கிடக்கின்றது. அதன் முள்ளடர்ந்த நிழலில் நம் நாட்டுப் புல்லும் பூண்டும் தழைத்தல் அரிதாயிற்று. விறகுக்கு ஆகுமென்று நட்ட மரமே நிலத்தைக் கவர்ந்துகொண்டது.

தமிழுக்குச் செய்த தொண்டு

ஆங்கில இதழாளராகவே பலரும் அறிந்த கிருஷ்ணனார், தமிழிலும் எழுதினார். தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு உயிர்களைப்பற்றிக் கட்டுரைகள் உதவினார். இதழ்களில் வெளிவந்த அவர் தமிழ்க் கட்டுரைகளை, சு. தியடோர் பாஸ்கரன் அவர்கள் தொகுத்து, மழைக்காலமும் குயிலோசையும் என்னும் பெயரால் அவர் மறைவுக்குப்பின் நூலாக்கினார். கதிரேசன் செட்டியாரின் காதல் என்னும் துப்பறியும் நாவலொன்றையும் கிருஷ்ணனார் தம் முதுமையில் எழுதினார். பேத்தியின் பொருட்டு, விலங்குகளின் பெயரை ஆங்கில எழுத்து வரிசையில் அமைத்து, பாட்டும் படமுமாக ஒரு நூல் செய்தார். ஆனையை ஆராய்ந்த கையே குழந்தைக்குப் பாட்டும் எழுதியது.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவர்க்கு இவர் வாழ்க்கை விடுக்கும் அறைகூவல் ஒன்றுண்டு. சங்கநூல் பயிலும் நாம் சிரல் என்றால் மீன்கொத்தி, ஓந்தி என்றால் ஓணான், வெருகு என்றால் காட்டுப்பூனை, குரீஇ என்றால் குருவி என்று பொருள் எழுதி மதிப்பெண் பெறுகின்றோம். ஆனால், கிணற்றடியில் மீன்கொத்தி வந்தமர்ந்தால் எத்தனைபேர் தலை நிமிர்ந்து நோக்குகின்றோம்? செம்போத்தும் கொண்டலாத்தியும் பனங்காடையும் நம் பாட்டன்மார்க்குப் பெயரறிந்த அண்டை வீட்டார். நமக்கோ அவை யாவும் ஏதோ ஒரு குருவி. பறவை மறையுமுன்னரே அதன் பெயர் மறைந்துவிடுகின்றது. பெயர் மறைந்த உயிர் இல்லாது போயினும் கேட்பாரில்லை. முதல், கரு, உரி என்று திணைக்கு இலக்கணம் வகுத்த மொழிக்குரியோர், கருப்பொருளை ஏட்டில் மட்டும் வைத்துக் காத்தல் பெருமையாகுமோ?

தேவாங்கின் எடுத்துக்காட்டு

இதற்கு எம் பக்கத்திலேயே ஒரு சான்றுண்டு. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் எல்லையில், கடவூர் அய்யலூர்க் குன்றுகளின் புதர்க்காட்டில் தேவாங்கு என்னும் சிற்றுயிர் வாழ்கின்றது. உருண்ட பெருங்கண்ணும் மெலிந்த கைகாலும் உடையது. இரவில் மட்டும் வெளிப்பட்டுக் கிளைக்குக் கிளை மெல்ல நடந்து பூச்சிகளைத் தின்பது. பயிரைக் கெடுக்கும் பூச்சிகளையும் தின்று உழவர்க்கு உதவுவது. இதற்கு நாம் செய்த கைம்மாறு என்ன? மெலிந்தவரை ஏசுவதற்கு அதன் பெயரை உவமையாக்கினோம். மருந்துக்கும் மாந்திரீகத்துக்குமெனச் சிலர் அதனைப் பிடித்து வதைத்தனர்.

2022-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் தமிழ்நாட்டு அரசாங்கம் இவ்வுயிர்க்கெனக் கடவூர்த் தேவாங்குச் சரணாலயத்தை அறிவித்தது. 11,806 ஹெக்டேர் பரப்புடைய அதில் எம் வேடசந்தூர்ப் பக்கத்துக் காடுகளும் அடங்கும். தேவாங்குக்கென இந்தியாவில் அமைந்த முதற் சரணாலயம் இதுவே. வெறும் முட்காடு என்று நாம் இகழ்ந்த இடம், ஓர் உயிரினத்தின் கோட்டையாயிருந்தது! கிருஷ்ணனார் இதைக் காண உயிரோடிருந்தாரல்லர். ஆயினும், பெருமலைச் சோலைக்கு மட்டுமன்றிப் புதர்க்காட்டுக்கும் மதிப்புண்டு என்று வாழ்நாளெல்லாம் எழுதிய அவர் உழைப்பு வீண்போகவில்லை என்பதற்கு இஃது ஓர் அறிகுறி.

இறுதி

கிருஷ்ணனார் 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள், தம் எண்பத்து மூன்றாம் வயதில் இயற்கை எய்தினார். அந்நாளிலும் ஸ்டேட்ஸ்மன் இதழில் அவர் கட்டுரை வெளியாயிற்று. எழுதுகோலை அவர் கீழே வைக்கவில்லை. காலமே அதனை வாங்கிக்கொண்டது.

பின்னாளில் இராமச்சந்திர குகா முதலிய அறிஞர் இவர் ஆங்கிலக் கட்டுரைகளைத் தேர்ந்து தொகுத்து வெளியிட்டனர். இளமையிற் கண்ட மயிலாப்பூர் நரியும் வெளிமானும் அவர் முதுமைக்குள் மறைந்தொழிந்தன. பழையது போயிற்றே என்று ஏங்கி அமர்வது எவர்க்கும் எளிது. அவரோ, எஞ்சியுள்ளது யாது என நோக்கி, அதனை எழுதி வைத்து, அதற்காக வாதாடினார். ஏக்கம் அவரிடத்துக் கடமையாக மாறிற்று. அதுவே அவர் வாழ்க்கையின் சாரம்.

அவரைப்போல் நாற்பத்தாறு ஆண்டு எழுதுதல் நம்மால் இயலாது போகலாம். ஒரு குறிப்பேடு வாங்கி, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது வீட்டைச் சுற்றி வாழும் பத்துப் பறவைகளின் பெயரையாவது முதியோரிடம் கேட்டறிந்து, அவை வருநாளும் கூடு கட்டுங்காலமும் எழுதி வைத்தல் நம்மனைவர்க்கும் இயலும். எரியோட்டுப் பெயரும் ஏனையூர்ப் பெயரும் ஒப்பிட்டு நோக்கின் தமிழ்ச் சொல்வளமும் பெருகும். நம் கல்லூரித் தமிழ்ச்சங்கம் அக்குறிப்பேடுகளை ஆண்டுதோறும் திரட்டி வைக்குமாயின், அதனினும் சிறந்த நினைவுச்சின்னம் அப்பெரியார்க்கு வேண்டுவதின்று.